சீட்டுக்கு வந்த வழிநூல்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தார் நன்னூலாசிரியர். தொல்காப்பியரோ முதலும் வழியும் என இரண்டோடு அமைந்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்கினார். வழிநூலுக்குப் பவணந்தியார் கூறும் இலக்கணம் சுருக்கமானது. முன்னோர் நூலின் முடிபோடு அது முற்றும் ஒத்திருத்தல் வேண்டும். பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் அதன்கண் அமைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் கல்லூரியில் இப்பகுதியைப் பாடம் கேட்டபோது எங்கள் ஆசிரியர் கம்பனைக் காட்டி விளக்கினார். நான் ஈண்டுக் காட்டப்போவது கம்பனையன்று. உள்ளங்கையில் அடங்கும் பொறியில் ஆடுகின்ற ஒரு சீட்டு விளையாட்டை.

அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். இலக்கணம் கற்பிக்கவும் திருக்குறள் போட்டி நடத்தவும் நேரம் போதாத ஆசிரியனுக்குப் பிள்ளைகள் விளையாட்டில் என்ன ஆராய்ச்சி என்று வினவுவர். அவ்வினா நியாயமானதே. ஆயினும் நம் மாணவர் விரும்பிப் படிக்கும் எழுத்து எது என்று நாம் ஆராய்ந்ததுண்டா? பாடநூலில் நான்கு வரி படிக்கச் சோர்வுறும் சிறுவன், சீட்டின் அடியில் எறும்பெழுத்தாய் அச்சான நான்கு வரியை, அதுவும் தன் தாய்மொழியல்லாத மொழியில், விளக்கின் கீழ்ப் பிடித்துக்கொண்டு படிக்கிறான். அவ்வளவு ஆர்வத்தோடு படிக்கப்படுவதைத் திறனாய்வு செய்வது ஆசிரியன் கடமையுள் அடங்கும் என்பது என் கருத்து.

முதலில் முதல்நூலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சேகரித்து ஆடும் சீட்டு விளையாட்டு என்பது நாமறிந்த ஐம்பத்திரண்டு சீட்டு ஆட்டத்தினின்றும் வேறானது. அதில் எல்லார்க்கும் பொதுவான ஒரே கட்டு இல்லை. பல நூறு வகைச் சீட்டுகள் அச்சிடப்படும். ஒவ்வொருவனும் தன்னிடம் உள்ளவற்றிலிருந்து தனக்கென ஓர் அடுக்கை அமைத்துக்கொண்டு களத்துக்கு வருவான். இம்முறைக்கு இன்றைய வடிவைத் தந்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர். 1993ஆம் ஆண்டில் 'மேஜிக்' என்ற பெயருடைய விளையாட்டை வெளிக்கொணர்ந்தார். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்தவர் என்பதை நம் கணித ஆசிரியர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

மூன்றாண்டு கழிந்து ஜப்பானில் போக்கிமான் பிறந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்து மகிழ்ந்த சத்தோஷி தஜிரி என்பவர், அம்மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கும் தரவேண்டும் என்று எண்ணி, கேம் பாய் என்னும் கைப்பொறிக்கு 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு விளையாட்டைச் செய்து தந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வுயிரினங்கள் காகிதச் சீட்டுகளாயின. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சீட்டு விளையாட்டு மீண்டும் கேம் பாய்க்குள் புகுந்தது. ஹட்சன் சாஃப்ட், கிரியேச்சர்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து ஆக்க, நிண்டெண்டோ வெளியிட்டது. ஆங்கில வடிவம் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் வந்தது. பொறியில் பிறந்தது காகிதமாகி, காகிதம் மீண்டும் பொறியாயிற்று. இவ்வாறு தாய்வீடு திரும்பிய வழிநூலையே நான் எடுத்துக்கொண்டேன்.

இனி, அம்முதல்நூலில் உறைந்து கிடக்கும் ஒரு செய்தி. வெளிநாட்டுத் திறனாய்வாளர்க்கு இது கண்ணில் படாது. நம் வட்டாரத்தில் வளர்ந்தவர்க்கு உடனே படும். நம் காலத்து மளிகைக் கடைகளில் 'திக்காம் திக்காம்' அட்டை தொங்கியதை நினைவு கூர்க. அட்டை நிறையச் சிறு சிறு மடிப்புச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். ஐந்து சென்னோ பத்து சென்னோ கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண் இருக்கும். அவ்வெண்ணுக்குரிய பொருள் நமக்கு. பளபளக்கும் துப்பாக்கியும் பந்தும் அட்டையின் உச்சியில் கட்டப்பட்டிருக்கும். நமக்கு வருவதோ ஒரு மிட்டாய் அல்லது பிளாஸ்டிக் மோதிரம். துப்பாக்கியைப் பெற்ற சிறுவனை நான் கண்டதேயில்லை; அடுத்த தெருவில் ஒருவன் பெற்றான் என்று கேள்விப்பட்டதுண்டு.

சேகரிப்புச் சீட்டு மூடிய பொட்டலத்தில் விற்கப்படுகிறது. உள்ளே எவை உள்ளன என்று வாங்குவோன் அறியான். பொதுவானவை பல, அரியது ஒன்று என்ற கணக்கில் அடைக்கப்படும். இது வண்ண அச்சிட்ட திக்காமேயன்றி வேறென்ன? முதல் வெளியீட்டைச் சேர்ந்த சாரிசார்ட் என்னும் நெருப்புப் பறவைநாகத்தின் சீட்டு ஒன்று, பழுதின்றிக் காக்கப்பட்டமையால், 2022ஆம் ஆண்டில் நான்கு இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலைபோயிற்று. துப்பாக்கி அட்டையின் உச்சியில் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது பாருங்கள்!

திக்காமுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திக்காம் கிழித்ததோடு முடிந்தது. இதிலோ கிழித்த பின்னரே அறிவுக்கு வேலை தொடங்குகிறது. அடுக்குக்கு 60 சீட்டுகள். அடிப்படை ஆற்றல் சீட்டுகள் நீங்கலாக ஒரே பெயருடையது நான்குக்கு மிகலாகாது. உயிரினம் எத்தனை, அதற்கு ஆற்றலூட்டும் சீட்டு எத்தனை, துணைச் சீட்டு எத்தனை என்று ஆடுவோன் தானே வகுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றல் மிகுந்து உயிரினம் குறைந்தாலும் கேடு. உயிரினம் மிகுந்து ஆற்றல் குறைந்தாலும் கேடு. ஆறு பரிசுச் சீட்டுகளையும் முதலில் எடுத்தவன் வென்றான். எடுப்பதற்கு அடுக்கில் சீட்டு இல்லாமற் போனவன் தோற்றான். ஆகவே இவ்விளையாட்டுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று வாங்கும் முகம், மற்றொன்று சிந்திக்கும் முகம். முதல் முகம் பணப்பையைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உடலில் ஒட்டியிருப்பதால், பணமுடையவன் அறிவுடையவன்போலத் தோன்றுகிறான்.

கைப்பொறி விளையாட்டு இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. வழிநூலாசிரியர் செய்த வேறுபாடு இஃதொன்றே எனினும் தகும்.

கதை மெலிந்தது. மாசன் என்னும் அறிஞரின் கூடத்தில் ஒரு சிறுவன் ஆட்டம் பயில்கிறான். மூன்று தொடக்க அடுக்குகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்கிறான். எட்டுக் கழகங்களுக்குச் சென்று எட்டுத் தலைவர்களை வென்று பதக்கம் பெறுகிறான். பின்னர் நான்கு பெருந்தலைவர்களை வென்று நான்கு அரிய சீட்டுகளுக்கு உரியவனாகிறான். ரொனால்டு என்றொரு போட்டியாளன் இடையிடையே குறுக்கிடுவான். இதற்கு மேல் கதையில் ஒன்றுமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அச்சிறுவன் எவ்விடத்தும் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவதில்லை என்பதே கருதத்தக்கது. ஓர் ஆட்டத்தில் வென்றால், பெரும்பாலும், இரண்டு பொட்டலங்கள் கிடைக்கும். பொட்டலத்துக்குப் பத்துச் சீட்டுகள். உள்ளே என்ன வரும் என்பது இங்கும் நற்பேற்றைப் பொறுத்ததே. ஆனால் பொட்டலத்துக்கு விலை பத்து சென்னன்று, பத்து ரிங்கிட்டுமன்று. ஓர் ஆட்டத்தைச் சிந்தித்து ஆடி வெல்வதே விலை. தோற்றவன் கையில் உள்ளதைக் கலைத்து மீண்டும் அடுக்கலாம். அதற்கும் செலவில்லை.

முதல்நூலின் முடிபோடு இது ஒத்திருக்கிறதா? ஒத்திருக்கிறது என்றே சொல்வேன். விதிகள் அவையே, தாக்குதல், தாங்குதல், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தல் எல்லாம் அவையே. முதல் மூன்று தொகுதிகளின் சீட்டுகளோடு இப்பொறிக்கென்றே புனைந்த சிலவும் சேர்ந்து 226 வருகின்றன. நீங்கியது கடைக்காரன் மட்டுமே.

இதன் பயனை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லேன். 2001ஆம் ஆண்டில் நான் துணையாசிரியனாகப் பணியாற்றிய தோட்டப்பள்ளியில் கண்டேன். இச்சுங்கை வே வட்டாரத்தில் 1970களில் தடையற்ற வணிக மண்டலம் எழுந்தபின், பால் மரத்தை விட்டு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன பெண்கள் பலர். உருப்பெருக்கியின் கீழ்க் கண்ணை வைத்து, முடியினும் மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. அத்தகைய தாய் ஒருத்தி, ஆண்டிறுதி ஊக்கத்தொகையில், பழைய கேம் பாய் கலர் ஒன்றையும் இவ்விளையாட்டுத் தகட்டையும் மகனுக்கு வாங்கித் தந்தாள். பள்ளிக்கு அதனைக் கொண்டுவருதல் விதிக்குப் புறம்பு. நான் பறித்து மேசை அறையில் பூட்டியிருக்க வேண்டும். இடைவேளையில் பதினொரு தலைகள் ஒரு சிறு திரையின்மீது கவிந்து, அவற்றுள் ஒன்று உரத்த குரலில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு சற்றுத் தயங்கி நின்றுவிட்டேன். குற்றம்தான்.

அதற்குமுன் அப்பள்ளியில் காகிதச் சீட்டு ஆடப்பட்டதுண்டு. தோட்டத்துக்கு வெளியே வீடமைப்புப் பகுதியிலிருந்து வந்த இரு சிறுவர்களிடம் மெய்யான சீட்டுகள் இருந்தன. ஏனையோர் சுற்றி நின்று பார்த்தனர். ஆட்டத்தில் ஐயம் எழுந்தால் சீட்டுக்குடையவன் சொன்னதே தீர்ப்பு. "இதற்கு நாற்பது அடி" என்பான், நேற்று முப்பது என்றாயே எனின், "சீட்டு யாருடையது?" என்பான். விதி எழுதப்பட்டிருந்தது, அதனைப் படித்தறிய இயலாதவர்க்கு அது வலியவன் வாய்ச்சொல்லாகவே இருந்தது.

பொறி வந்தபின் அந்நிலை மாறியது. பொறி யாருக்கும் உறவினனன்று. ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் சீட்டே இணைக்கலாம் என்றால் இரண்டாவதை ஏற்காது. எத்துணை கெஞ்சினும் ஏற்காது. வலுவின்மை இருந்தால் அடி இருமடங்கு, எதிர்ப்பாற்றல் இருந்தால் முப்பது குறைவு என்று தானே கணக்கிட்டுக் காட்டும். இரண்டு வாரத்தில் பதினொருவரும் விதி கற்றனர். கற்றபின் சீட்டுக்குடைய அவ்விருவரிடம் போய், "இப்படி ஆடக்கூடாது" என்று எடுத்துரைத்தனர். சண்டை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

தமிழாசிரியர் இவ்விடத்தில் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இவ்விளையாட்டின் இலக்கணம் பொதுவிதியும் சிறப்புவிதியுமாக அமைந்தது. ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் சீட்டு என்பது பொதுவிதி. பிளாஸ்டாய்ஸ் என்னும் நீர்வாழ் உயிரினம் களத்தில் இருந்தால், நீருக்குரிய உயிரினங்களுக்கு நீராற்றலை வேண்டுமளவு இணைக்கலாம் என்பது அச்சீட்டில் எழுதிய சிறப்புவிதி. இரண்டும் முரணும் இடத்துச் சீட்டின் வாசகமே வெல்லும். இதனைப் பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் உணர்ந்துகொள்கிறான். அப்பிள்ளைக்கே நாம், நிலைமொழி வருமொழிப் புணர்ச்சியில் வல்லினம் மிகும் இடத்தைச் சொல்லி, ஊறுகாய் போன்ற வினைத்தொகையில் மிகாது என்று சொன்னால் ஆண்டு முழுதும் தடுமாறுகிறான். பிள்ளைக்கு விதிவிலக்கை அறியும் அறிவில்லை என்று இனி என்னால் சொல்ல இயலாது. பிளாஸ்டாய்ஸை மறந்தவன் அடுத்த கணமே தோற்றான். ஒற்றை மறந்தவனுக்குச் சிவப்பு மை மூன்று நாள் கழித்து வருகிறது. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது என்று ஐயுறுகிறேன்.

சீட்டின் வாசகம் சூத்திரம் போன்றது என்றும் ஓரிடத்தில் எழுதிவைத்தேன். பின்னர் அவ்வொப்புமையை அடித்துவிட்டேன். சுருங்கச் சொல்லல் அதில் உண்டு. விளங்க வைத்தலும் உண்டு. நவின்றோர்க்கு இனிமை இல்லை. ஆங்கிலத்திலும் அது அலுவலகக் கடிதம்போலவே வறண்டிருக்கிறது.

குற்றங்களுக்கு வருவோம். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் இரண்டு இந்த வழிநூலில் தெளிவாக உள. ஒன்று, கூறியது கூறல். கழகம் எட்டாயினும் ஆடுவோர் போக்கு ஏறக்குறைய ஒன்றே. எதிராளி தன் கையிலுள்ள வலிய சீட்டைக் காலமறிந்து ஒளித்து வைப்பதில்லை. நம் சூழ்ச்சியை முன்னுணர்ந்து தடுப்பதுமில்லை. பொறியின் அறிவு அக்காலத்துக்குப் போதுமானது. மனித எதிராளியின் முகத்தில் தோன்றி மறையும் சிறு சிரிப்புக்கு அது ஈடாகாது. மற்றொன்று, சென்று தேய்ந்திறுதல். தொடக்கத்தில் கையில் சீட்டுக் குறைவு. ஆதலால் ஒவ்வொரு சீட்டும் அரிது, ஒவ்வோர் அடுக்கும் ஒரு கண்டுபிடிப்பு. ஐந்தாறு பதக்கம் பெற்றபின், இரண்டு சீட்டு எடுக்கவைக்கும் பில் நான்கு, கையிலுள்ளதைக் கழித்து ஏழு எடுக்கவைக்கும் பேராசிரியர் ஓக் நான்கு, விரைந்து அடிக்கும் உயிரினம் சில எனச் சேர்த்துவிட்டால் அவ்வோர் அடுக்கே எல்லாரையும் வீழ்த்தும். அப்பழைய விதியில் அத்துணைச் சீட்டுகளை ஒரே முறையில் எத்தனை வேண்டுமாயினும் இறக்கலாம் என்பதே காரணம். இது முதல்நூலின் குற்றம். வழிநூல் மரபு காத்தலின் பெயரால் அதனையும் காத்துக்கொண்டது. நான்கு பெருந்தலைவர்களை அடையும்போது அச்சம் இருக்கவேண்டிய இடத்தில் அயர்ச்சியே இருந்தது.

திரையைப் பற்றியும் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேம் பாய்த் திரை அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி. மேசையில் சீட்டைப் பரப்பி ஆடுவோன் தன் களம், எதிராளி களம், கழித்த குவியல், மீந்த பரிசு அனைத்தையும் ஒரே நோக்கில் காண்கிறான். பொறியில் ஆடுவோனோ ஒவ்வொன்றையும் பொத்தானை அழுத்தித் திறந்து பார்த்து, மூடி, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடியைப் படிப்போர் முன்னேட்டில் வந்ததை மனத்தில் வைத்துக்கொண்டே பின்னேட்டைப் புரட்டுவரல்லரோ, ஏறத்தாழ அவ்வாறு. நினைவுக்கு இது நற்பயிற்சி என்று சிலர் வாதிடலாம். எனக்கு அது கண்ணுக்குக் கேடு என்றே தோன்றியது.

இடையே ஒரு நகைச்சுவையையும் சொல்லிவிடுகிறேன். இமக்குனி என்னும் கோமாளி ஒருவன் எதிர்பாராத இடங்களில் தோன்றுவான். அவன் பெயரில் உள்ள சீட்டை இறக்கினால் எதிரிக்கு ஒன்றும் ஆகாது; இறக்கியவனுடைய உயிரினமே மயங்கித் தடுமாறும். பயனில சொல்லாமை அதிகாரத்தை நடத்தும்போது எடுத்துக்காட்டுக்கு உதவும்.

காகிதச் சீட்டுக்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. இதுகாறும் நான் அதனைக் கூறவில்லை. கொடுத்து வாங்கும் முகம் அது. "உன் நீருக்கு என் நெருப்பு" என்று பேரம் பேசுவதும், இளையவனை ஏமாற்றுவதும், ஏமாற்றியதற்கு மறுநாள் வருந்தி ஒன்றை இலவசமாகக் கொடுப்பதும் அம்முகம். தனித்து ஆடும் பொறி இதனை விழுங்கிவிடும் என்று ஆக்கியோர் அஞ்சியிருக்க வேண்டும். ஏனெனில் அதனை மீட்க இரண்டு வழிகளை அமைத்தனர். முதலாவது, ஒரு கொடைக்கூடம். இரண்டு பொறிகளை எதிரெதிரே வைத்து அகச்சிவப்புக் கதிர் வழியாக ஒருவன் தன் சீட்டை மற்றவனுக்கு அனுப்பலாம். தன் அடுக்கின் அமைப்பைக்கூட எழுதிக்கொடுப்பதுபோல் அனுப்பலாம். சீட்டையும் தந்து, அதனை அடுக்கும் வகையையும் தருவது! பிள்ளைகள் விளையாட்டில் இத்தகைய பண்பை வைத்தவர் பாராட்டுக்குரியர். இரண்டாவது, 'கார்டு பாப்' என்று பெயரிட்ட ஒன்று. இரு பொறிகளும் கதிரால் தொட்டுக்கொண்டால் இருவர்க்கும் புதிதாக ஒவ்வொரு சீட்டுப் பிறக்கும். 226க்கு மேற்பட்ட வீனசோர், மியூ என்னும் இரு சீட்டுகள் இவ்வாறு பிறந்தால்தான் உண்டு. எத்தனை தலைவர்களை வென்றாலும் தனியொருவனுக்கு அவை கிட்டா. மற்றொருவன் வேண்டும்.

பொறிக்குள் பணத்தை விலக்கியவர் நட்பை விலக்காமல், நட்புக்கே மிக அரிய சீட்டை ஒதுக்கினர். இந்த வழிநூலை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இம்மதிப்பை உறுதி செய்வது பின்வந்த மற்றொரு வழிநூல். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இதே சீட்டு விளையாட்டைக் கைப்பேசிக்கு ஏற்பச் சுருக்கி 'போக்கெட்' என்ற பெயரில் வெளியிட்டனர். ஆக்கியோரில் அதே கிரியேச்சர்ஸ் நிறுவனமும் உண்டு, உடன் டி.என்.ஏ. என்னும் ஜப்பானிய நிறுவனம். அடுக்குக்கு 20 சீட்டுகள். ஆற்றல் சீட்டு அடுக்கில் இல்லை, தானே சுரக்கும். ஆட்டம் சில நிமிடத்தில் முடியும். தொல்காப்பியர் வகையில் இது தொகுத்தல். தொகுத்தவர் கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. ஓவியங்கள் கண்ணைப் பறிக்கின்றன.

ஆயினும் பொட்டலத்தை நோக்குக. நாளொன்றுக்கு இரண்டு பொட்டலம் இலவசம். பன்னிரண்டு மணிக்கு ஒன்றாகக் கனியும். மாதக் கட்டணம் செலுத்தினால் நாளும் மற்றொன்று. காத்திருக்கப் பொறாதவன் காசு கொடுத்து மேலும் திறக்கலாம். பொட்டலத்தின் மேலுறையை விரலால் கிழிக்கும் அசைவை அத்துணை நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். நான் என் பேரன் முறையாகும் பிள்ளையின் கைப்பேசியில் ஒருமுறை கிழித்துப் பார்த்தேன். அரை நூற்றாண்டுக்கு முந்திய மளிகைக் கடையின் மண்ணெண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறிற்று, அதே திக்காம். பழைய பொறியில் வென்றவனுக்கு இரண்டு பொட்டலம். புதிய பொறியில் காத்திருப்பவனுக்கு இரண்டு பொட்டலம். எண் ஒன்றே. முன்னதில் பிள்ளை மேலும் வேண்டுமென்றால் மேலும் சிந்திக்க வேண்டும். பின்னதில் மேலும் வேண்டுமென்றால் தந்தையின் சட்டைப்பையை நாட வேண்டும். சீட்டு மாற்றிக்கொள்ளும் வழி 2025ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அதில் சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடுகள் மிகுதி என்று ஆடுவோரே உலகெங்கும் குறைகூறினர்.

இரண்டும் ஒரே முதல்நூலுக்கு வழிநூல்கள். விதியளவில் நோக்கினால் பழையதே முதல்நூலுக்கு நெருக்கம். வணிக அளவில் நோக்கினால் புதியதே நெருக்கம். எதனை முடிபு என்று கொள்வது? முதல்நூலின் முடிபு ஆட்டம் என்று கொண்டால் பழையது வழிநூல். விற்பனை என்று கொண்டால் புதியது வழிநூல். நான் முன்னதன் பக்கம். என் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தை நம்பி வரும் பிள்ளைகள் இருக்கும் வரை வேறு பக்கம் நிற்க எனக்கு மனம் வராது. தோட்டம் போய்விட்டது, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிற்கிறது. ஆனால் சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகள் போகவில்லை. இன்று அவர்கள் பிறர் கைப்பேசியைச் சுற்றி நிற்கிறார்கள்.

பழைய விளையாட்டை இன்றும் ஆடலாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் பொறியில், சந்தா கட்டுவோர்க்கு உரிய பழைய விளையாட்டுகளின் வரிசையில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்னர், ஜூலை 31ஆம் நாள், அதே ஸ்விட்ச் பொறிக்கு 'வெண்பா' என்னும் விளையாட்டு வந்ததையும் தமிழர் அறிய வேண்டும். கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி மகனுக்குச் சமைத்துப் போடும் கதை. டொரொண்டோவின் விசை கேம்ஸ் ஆக்கியது. இட்லியும் பிரியாணியும் அப்பொறிக்குள் புகுந்துவிட்டன. சீட்டின் வாசகம் இன்னும் தமிழில் புகவில்லை. புகுந்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று ஒன்று என்னிடம் இருந்தது. அதனைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் கூறிய தோட்டப்பள்ளியில் பொறி ஒன்றே. அடுத்த தோட்டத்திலும் வேறொன்று இல்லை. ஆகவே மியூவும் வீனசோரும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை. விதி கற்றபின் அவர்கள் பொறிக்காகக் காத்திராமல், பழைய பயிற்சி நூல்களின் அட்டையைக் கத்தரித்துத் தாமே சீட்டுச் செய்யத் தொடங்கினர். பென்சிலால் உருவம், நீல மையால் வாசகம். முதலில் ஆங்கில வாசகத்தைப் பார்த்தெழுதினர். பின்னர்ச் சோம்பலாலோ இடம் போதாமையாலோ தமிழில் எழுதினர். 'ஒரு தடவை தூங்க வை', 'பூ விழுந்தால் இருபது கூட்டு' என்பன போன்றவை. ஒற்றுப்பிழை மலிந்திருந்தது, நான் திருத்தவில்லை. பொறிக்கு உடையவன் அல்லாத ஒரு சிறுவன், வாய்பேச அஞ்சுபவன், மியூவைத் தானே வரைந்து கொண்டுவந்தான். அச்சீட்டு என்ன செய்யும் என்று எங்கள் பள்ளியில் எவரும் அறியார். ஆகவே அவன் அடியில் இவ்வாறு எழுதியிருந்தான்: "இதை யாரும் பார்த்ததில்லை. அதனால் இதை அடிக்க முடியாது."

மற்றவர் கூச்சலிட்டனர். ஒருவன் ஓடிவந்து, "சார், இது செல்லுமா?" என்று கேட்டான். கூடிப் பேசி முடிவு செய்யுங்கள் என்றேன். இடைவேளை மணி அடித்தும் அவர்கள் கலையவில்லை. மறுநாள் அச்சீட்டு ஆட்டத்தில் இருந்தது, வாசகத்தின்கீழ் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "ஆனா இதாலயும் யாரையும் அடிக்க முடியாது."